நான்காம் அத்தியாயம்: வலி வருமுன் வழி

ஹல்துமுல்லையில் நின்று தெற்கே நோக்குபவருக்கு, மலை சட்டென்று அறுந்து, கீழே வெகுதூரம் வரை சமவெளி நீலமாய் விரிந்து கிடக்கும் காட்சி ஒன்று கிடைக்கும்; கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பெருவீதியில் போகிற யாத்திரிகர்கள் வாகனத்தை நிறுத்தி, இறங்கி, அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆயின் அதே சரிவில், பெருவீதியிலிருந்து கல் பாவிய தோட்டப் பாதையில் வளைந்து வளைந்து ஏறிப் போனால் வரும் ஒரு லயத்தில், நிறைமாதமாய்ப் படுத்திருக்கும் பெண்ணும் அவள் மாமியாரும் நடுநிசியில் அந்தச் சரிவைப் பற்றி யோசிப்பது வேறு விதமாக இருக்கும்: மழை பெய்கிறதா, பாலத்தடியில் தண்ணீர் ஏறிவிட்டதா, த்ரீவீல் வைத்திருக்கும் பையன் இன்றைக்கு வீட்டில்தான் இருக்கிறானா? இந்த அத்தியாயம் அவர்களுக்காக எழுதப்படுவது. ஹப்புத்தளை, கொஸ்லந்தை, பூணாகலை முதலிய மலைகளில் வாழ்வோருக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

பிரசவத்தில் உயிர்ச்சேதம் எதனால் நேர்கிறது என்று கேட்டால், இரத்தப்போக்கு, ஜன்னி, உயர் இரத்த அழுத்தம் என்று வைத்தியர்கள் வியாதிகளின் பெயர்களைச் சொல்வார்கள்; அது சத்தியமே. ஆனால் 1994-ஆம் ஆண்டில் தடேயஸ், மேன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் இந்த விஷயத்தை வேறொரு பக்கத்திலிருந்து பார்த்து, போகவேண்டும் என்று தீர்மானிப்பதில் ஒரு தாமதம், போய்ச் சேர்வதில் ஒரு தாமதம், போய்ச் சேர்ந்தபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம் என மூன்று தாமதங்களை வகுத்துக் காட்டினார்கள். மூன்றாவது தாமதத்தை நீக்குவது அரசாங்கத்தின் கடமை; முதலிரண்டும் பெரும்பாலும் நம் காம்பராவுக்குள்ளேயே, 'விடியட்டும் பார்ப்போம்' என்ற ஒரு வார்த்தையில் பிறக்கின்றன. ஆகையால் கர்ப்பிணிக்கு என்ன ஆகாரம், சிசுவுக்கு எப்படி ஸ்நானம் என்பவற்றுக்கெல்லாம் முன்னதாக, வழியை வலிக்கு முன்னே வகுத்து வைப்பதே தோட்டத்துக் குடும்பத்தின் முதற்காரியம் என்பது எமது அபிப்பிராயம்.

இந்நாட்டின் பிரசவ வைத்தியத்துக்குப் பெருமைப்படத்தக்க சரித்திரம் உண்டு. கொழும்பில் டி சொய்சா பிரசவ மனை 1879-இல் திறக்கப்பட்டது. 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டு, பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடுதோறும் சென்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் முறை வேரூன்றியது. 1930-களில் லட்சம் பிரசவங்களுக்கு ஈராயிரத்துக்கும் அதிகமான தாய்மார் மாண்டுகொண்டிருந்த இலங்கையில், 2010-களில் அத்தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. தோட்டங்களோ நெடுங்காலம் இந்த ஏற்பாட்டுக்குப் புறம்பாகவே கிடந்தன. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தோட்ட வைத்தியம், துரைமாரின் செலவிலும் டிஸ்பென்சரி டொக்டரய்யாவின் தயவிலும் நடந்துகொண்டிருந்தபடியால், நாட்டின் பிற பகுதிகளுக்கு எட்டிய நன்மை மலைக்கு ஏறிவரப் பல்லாண்டுகள் பிடித்தன. கம்பளியில் கிடத்தி நால்வர் தூக்கிக்கொண்டும், கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டும் பிரசவத்துக்குப் போன கதைகளை இன்றும் பாட்டிமார் சொல்லக் கேட்கலாம். அந்தக் காலம் போய்விட்டது என்று முழுவதுமாகச் சொல்லிவிடவும் முடியவில்லை.

இனிக் கணக்கிலிருந்து தொடங்குவோம். மாதவிலக்கு ஒரு மாதம் தள்ளிப்போன உடனேயே மருத்துவமாதுவிடம், தோட்டத்தில் வழங்கும் பெயரால் சொன்னால் மிட்வைஃப் அம்மாவிடம், தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டாவது வாரம் முடியுமுன் பதிவாகிவிடுவது உத்தமம். 'மூன்று மாதம் ஆகும் வரை வெளியே சொல்லக்கூடாது, கண்ணேறு பட்டுவிடும்' என்ற வழக்கத்தை யாம் பரிகசிக்கவில்லை; அயலாருக்குச் சொல்லாதிருங்கள், மருத்துவமாதுவுக்கு மட்டும் சொல்லிவிடுங்கள். முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் அந்த ஆரம்ப வாரங்களிலேதான் போலிக் அமில மாத்திரைக்கு அதிகப் பிரயோஜனம் உண்டு. மூன்று மாதம் கழித்துத் தொடங்கினால் அந்த நன்மை கைநழுவிப்போகிறது. கடைசி மாதவிலக்கு தொடங்கிய திகதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் திகதி கிடைக்கும். நம் முன்னோர் சொன்ன பத்து மாதமும் வைத்தியர் சொல்லும் 280 நாளும் ஒன்றுதான். நான்கு வாரத்தை ஒரு மாதமாகக் கொண்டு எண்ணிப் பார்த்தால் தெரியும். அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு, அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னும் ஒரு வட்டமிட்டுவிடுங்கள். பிரயாண ஏற்பாடு முழுவதும் மூன்று வாரம் முந்திய அந்த வட்டத்துக்குள் முடிந்திருக்க வேண்டும்.

கிளினிக்கில் இரத்தத்தின் இனம், இரத்தச் சோகை, சர்க்கரை, கிரந்தி நோய், எச்.ஐ.வி. ஆகியவற்றைச் சோதிப்பார்கள், ஏற்பூசி போடுவார்கள், ஒவ்வொரு முறையும் நிறையும் இரத்த அழுத்தமும் பார்த்துக் கர்ப்பிணிப் பதிவேட்டில் குறிப்பார்கள். கிரந்தி, எச்.ஐ.வி. சோதனையைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவ்விரண்டும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்ததற்குக் காரணமே, எவரையும் சந்தேகியாமல் எல்லாரையும் சோதித்ததுதான். இரத்த இனம் 'நெகடிவ்' என்று வந்தால் அதைக் கணவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஓர் ஊசி தேவைப்படலாம், அது அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும் ஊசி.

தோட்டத்துத் தாயின் பிரதான சத்துரு இரத்தச் சோகை. 1916-இல் ரொக்பெல்லர் ஸ்தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோதே இது நன்கு அறியப்பட்டிருந்தது. மலையில் காலில் ஏறும் அட்டையைக் கண்டு அலறுகிறோம், அது குடிப்பது சொற்ப இரத்தம், ஒரு முறை குடித்து விழுந்துவிடும். குடலில் கவ்விக்கொண்டு மாதக்கணக்காகக் குடிக்கும் கொக்கிப்புழுவையோ கண்ணாற் காண்பதில்லை. ஆகவே முதல் மூன்று மாதம் கழிந்தபின் கிளினிக்கில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறாமல் விழுங்குங்கள். வெறுங்காலோடு கானுக்கும் தோட்டத்துக்கும் போவதை நிறுத்துங்கள். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைக் குமட்டும், மலத்தைக் கறுப்பாக்கும். கறுப்பைக் கண்டு பயந்து மாத்திரையைக் கூரையிடுக்கில் ஒளித்து வைத்த பெண்கள் பலர். அது மாத்திரையின் நிறமேயன்றி வியாதியன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நித்திரைக்குப் போகும்போது எடுத்தால் குமட்டல் குறையும். கல்சிய மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் எடுக்கலாகாது. ஒன்றை ஒன்று தடுக்கும்.

இவ்விடத்தில் தேத்தண்ணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. காலையில் பிரட்டுக்குப் போகுமுன் ஒரு கோப்பைச் சாயம், பத்து மணிக்கு ரொட்டியோடு ஒரு கோப்பை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்பது மலையின் தினசரி முறை. தேயிலையிலுள்ள துவர்ப்பு, நாம் உண்ணும் பருப்பிலும் கீரையிலுமுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, இரத்தத்தில் சேரவிடாமல் வெளியேற்றிவிடும். எவ்வளவு கீரை சாப்பிட்டும் ஏன் இரத்தம் ஏறவில்லை என்று கிளினிக்கில் கேட்கும் கேள்விக்குப் பல வேளைகளில் விடை அந்தக் கோப்பைக்குள் இருக்கிறது. தேத்தண்ணியையே விட்டுவிடுங்கள் என்று ஹப்புத்தளை மலையில் நின்றுகொண்டு உபதேசிப்பவர் பைத்தியக்காரர். யாம் சொல்வது, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விட்டு அதைக் குடியுங்கள் என்பதே. சாப்பாட்டோடு குடிக்க ஏதாவது வேண்டுமானால் தேசிக்காய் பிழிந்த தண்ணீர் இருக்கிறது. கொய்யாப்பழம் லயத்துப் பின்புறத்திலேயே காய்க்கிறது. இவற்றின் புளிப்புச்சத்து இரும்பைச் சரீரத்தில் சேர்க்கும். நெத்தலிக் கருவாடு, முட்டை, கௌப்பி, முருங்கையிலை, வல்லாரை, இவை கைக்கெட்டும் ஆகாரங்கள். 1973 முதல் அரசாங்கம் வழங்கிவரும் திரிபோஷ மாவு கர்ப்பிணிக்கென்று வருவது. அதைப் பிசைந்து வீட்டிலுள்ள ஐந்து பேருக்கும் உருண்டை பிடித்துக் கொடுக்கும் தாய்மனம் போற்றத்தக்கதாயினும், வயிற்றிலுள்ள ஆறாவது ஜீவனின் பங்கு அதனால் போய்விடுகிறது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமுள்ளவர்கள் புகையிலையை அறவே விட்டுவிட வேண்டும். சிசுவின் நிறை குறைவதற்கு அது ஒரு நேரடிக் காரணம்.

வேலையைப் பற்றிய சட்டத்தை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருத்தல் நலம். 1939-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்கப் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, பிரசவத்துக்கு முன் 2 வாரமும் பின் 10 வாரமுமாக 12 வாரச் சம்பளத்துடன் கூடிய ஓய்வு உண்டு. மூன்றாம் பிள்ளை முதற்கொண்டு அது பாதியாகக் குறைக்கப்பட்டிருந்த அநீதி 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. இப்பொழுது எத்தனையாவது பிள்ளையாயினும் முழு ஓய்வுதான். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்த முடியாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளொன்றுக்கு இரு தடவை, பிள்ளைக்காம்பரா உள்ள இடத்தில் அரை மணி வீதமும் இல்லாத இடத்தில் ஒரு மணி வீதமும், மலையிலிருந்து வரலாம். இது கங்காணி காட்டும் சலுகையன்று. சட்டம் தந்த பாத்தியதை. வயிறு தெரியத் தொடங்கியதும், மருந்தடிக்கும் மலைக்கும் செங்குத்தான மலைக்கும் போகாதபடி கணக்கப்பிள்ளையிடம் சொல்லி இடம் மாற்றிக்கொள்ளுங்கள். நிறைந்த கூடையை நெற்றியில் மாட்டி மடுவத்துக்குத் தூக்கும் பொறுப்பை வீட்டு ஆண்பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளட்டும். அதில் அவர்களுக்கு ஒரு மானக்குறைவுமில்லை.

இனி, விடியும் வரை காத்திருக்கக்கூடாத அடையாளங்கள். கர்ப்ப காலத்தில் எவ்வளவு சிறிதாயினும் இரத்தம் படுதல், தாங்கமுடியாத தலைவலி, கண் மங்கல், மார்புக்குழிக்குக் கீழே குத்துவலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், மூச்சு முட்டல், வலியில்லாமலே நீர் கசிதல், வழக்கமாக உதைத்துக்கொண்டிருந்த சிசுவின் அசைவு குறைந்துபோதல். இவற்றுள் தலைவலியும் கண் மங்கலும் இரத்த அழுத்தத்தின் தூதுவர்கள். 'பனியில் நின்றாள், தலை கனக்கிறது' என்று சித்தாலேப பூசிப் படுக்கவைத்த வீட்டில் மறுநாள் வலிப்பு வந்ததுண்டு. சிசுவின் அசைவைப் பற்றியும் ஒன்று: பிரசவம் நெருங்கினால் பிள்ளை அடங்கிவிடும் என்பது பிழையான நம்பிக்கை. அசைவின் விதம் மாறலாம், ஆனால் அசைவு குறையலாகாது; குறைந்தால் அன்றைக்கே போகவேண்டும்.

பிரயாணத்துக்கு வருவோம். ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, ஹப்புத்தளை ஆகிய இடங்களில் வைத்தியசாலைகள் உண்டு. ஆனால் அறுவைச் சிகிச்சையோ இரத்தமேற்றலோ வேண்டியிருப்பின் தியத்தலாவை ஆதார வைத்தியசாலையையோ பதுளைப் பெரியாஸ்பத்திரியையோதான் அடையவேண்டும். பேரகலைச் சந்தியில் திரும்பி மேலே ஏறும் மலைப்பாதை அது. உங்கள் பிரசவம் எங்கே நடக்கவேண்டும் என்பதை எட்டாம் மாதக் கிளினிக்கிலேயே கேட்டுப் பதிவேட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். முன்பு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தவர், இரட்டைப் பிள்ளை சுமப்பவர், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர், நச்சுக்கொடி கீழிறங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டவர் ஆகியோர் வலிக்காகக் காத்திராமல், வைத்தியர் குறித்த நாளிலே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மற்றவர்கள், வலி ஒழுங்கான இடைவெளியில் வந்து அந்த இடைவெளி சுருங்கத் தொடங்கியதும், அல்லது பன்னீர்க்குடம் உடைந்ததும், அல்லது இரத்தம் கலந்த சளி கண்டதும் புறப்படுக. முதற்பிரசவம் நீண்ட நேரமெடுக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் வழியிலேயே முடிந்துவிடக் கூடும் என்பதால், அனுபவசாலியான தாயே சீக்கிரம் கிளம்பவேண்டியவள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். ஆனால் உங்கள் லயத்தில் எந்த மூலையில் நின்றால் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் என்பதைப் பகலிலேயே கண்டுவையுங்கள். வாகனம் லயம்வரை ஏறுமா, எந்தச் சந்தியில் காத்திருக்கவேண்டும், அந்த இடத்தின் பெயரைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்பதையும் தீர்மானித்து வையுங்கள். அம்புலன்ஸ் தாமதித்தால் ஏற இரண்டு த்ரீவீல்காரருக்குச் சொல்லி வைக்கவேண்டும், ஒருவர் போதாது. தீபாவளி இரவில் ஒருவர் எந்த நிலையில் இருப்பார் என்று எவர் சொல்லமுடியும்? பையொன்றில் கர்ப்பிணிப் பதிவேடு, அடையாள அட்டை, சுத்தமான இரண்டு பருத்திச் சேலைத்துண்டு, குழந்தைக்குத் தொப்பி, கம்பளித் துணி, டோர்ச், கொஞ்சம் பணம் ஆகியவற்றை வைத்துக் கதவருகே தொங்கவிடுங்கள். மூத்த பிள்ளைகள் அன்றிரவு யார் வீட்டில் படுப்பார்கள் என்பதும் முன்னரே பேசப்பட்டிருக்கட்டும். அதற்காக ஏற்படும் வாக்குவாதத்தில் ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பிரசவத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு விசேஷமாக ஒரு வார்த்தை. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை இப்பகுதியில் மறந்தவர் எவருமில்லை. மழை நாட்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை உங்கள் பிரிவுக்கு விடுக்கப்பட்டால், நிறைமாதக் கர்ப்பிணி முதல் ஆளாக இறங்க வேண்டும்; பாதை மூடியபின் இறங்குவதற்கு வழியிராது. பதுளையிலோ பண்டாரவளையிலோ அக்காவோ அத்தையோ இருந்தால் கடைசி இரண்டு வாரத்தை அங்கே கழிப்பது சிலாக்கியம்.

ஆஸ்பத்திரியில் பாஷை தெரியாமல் நம் பெண்கள் வாயடைத்துப் போவது பழைய துயரம். தமிழில் பேசக்கூடிய உத்தியோகத்தர் அமர்த்தப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேயிருப்போம். அதுவரை இந்த மூன்று வாக்கியங்களை மனனம் செய்துகொள்க. வலி எடுக்கிறது என்பதற்கு 'ரிதெனவா'. இரத்தம் போகிறது என்பதற்கு 'லே யனவா'. பிள்ளை அசையவில்லை என்பதற்கு 'பபா ஹெல்லென்னே நே'. தாதியை 'மிஸ்' என்று அழைத்து இவற்றுள் ஒன்றை உரத்துச் சொன்னால் போதும்.

எவ்வளவு முன்யோசனை இருந்தும் பிள்ளை வழியிலேயே பிறந்துவிட்டால் என் செய்வது? பதறாதீர்கள். வண்டியைச் சமதளமான இடத்தில் நிறுத்துங்கள். உதவி செய்பவர் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். 1847-இல் வியன்னா நகர ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிரசவம் பார்ப்பவர்கள் மருந்து நீரில் கைகழுவ வேண்டுமென்று கட்டாயப்படுத்திய மாத்திரத்தில் பிரசவ ஜன்னிச் சாவுகள் மளமளவெனக் குறைந்தன. அவரைச் சக வைத்தியர்கள் ஏளனம் செய்தார்கள் என்பது வேறு கதை. தலை வெளிவரும்போது இழுக்காதீர்கள், தாங்கிப் பிடியுங்கள். பிள்ளை வெளிவந்ததும் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, ஈரத்துணியை அகற்றி, தாயின் வெறும் மார்பின்மீது கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்தி, தலைக்குத் தொப்பி போடுங்கள். அழாவிட்டால் முதுகைத் துணியால் அழுத்தித் தேய்க்கலாம்; தலைகீழாகப் பிடிப்பதும் அடிப்பதும் தண்ணீர் தெளிப்பதும் ஆகா. தொப்புள்கொடியை வெட்டவேண்டிய அவசரமில்லை, பிளேடைத் தேடாதீர்கள். நச்சுக்கொடி தானே விழுந்தால் பையில் போட்டுக் கூடவே கொண்டு போங்கள். கொடியைப் பிடித்து இழுத்தால் கர்ப்பப்பையே பிரண்டு வந்து உயிருக்கு அபாயமாகும். நச்சுக்கொடி விழுந்தபின் இரத்தம் மிகுதியாகப் போனால், தொப்புளுக்குக் கீழே கர்ப்பப்பையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டு, பிள்ளையை மார்பில் வைத்தபடி விரைந்து செல்லுங்கள். பிரசவத்துக்குப் பின்னான இரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் ஓர் உயிரை எடுத்துவிடும்.

பிறந்த சிசுவுக்கு மலையில் முதல் விரோதி குளிர். 1978-இல் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில், சூடேற்றும் பெட்டிகள் போதாமையால், எட்கார் ரே என்னும் வைத்தியர் எடை குறைந்த சிசுக்களைத் தாயின் மார்போடு தோல் தோலில் படும்படி கட்டிவைத்துக் காப்பாற்றினார். பொகோட்டாவும் நம்மைப் போலக் குளிர்ந்த மலையூரே. கங்காரு முறை என்று இன்று உலகெங்கும் வழங்குவது அதுதான். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகள் தோட்டப்புறத்தில் அதிகம் பிறப்பதால், இதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புங்கள். தாய்க்கு முடியாதபோது தகப்பனும் பாட்டியும் கட்டிக்கொள்ளலாம். இதற்கு மாறாக, காற்றுப் புகாத காம்பராவில் சட்டியில் கரி நெருப்பு வைத்து அறையைச் சூடாக்குவது மகா அபாயம்; அந்தக் கரியின் வாயுவுக்கு வாசனையில்லை, தாயும் பிள்ளையும் உறங்கியபடியே உயிர்விடக்கூடும். சாம்பிராணிப் புகையும் அடுப்புப் புகையும் பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாதவை. புகையில்லாத மூலையில் படுக்கையை அமையுங்கள். முதல் ஸ்நானத்தை ஒரு நாளாவது தள்ளிப்போட்டு, பின்னர் வெயிலேறிய வேளையில் வெந்நீரில் சுருக்கமாக முடியுங்கள்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்துவிட வேண்டும். மஞ்சளாக, கெட்டியாகச் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டு, சீனித்தண்ணீரும் சேனையும் நாவில் தடவும் சம்பிரதாயத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சீம்பால் சிசுவின் முதல் தடுப்பு மருந்து. ஆறு மாதம் முடியும் வரை தண்ணீர்கூட வேண்டியதில்லை. பால் போதவில்லையே என்று ஒவ்வொரு தாயும் அஞ்சுகிறாள். ஐந்தாம் நாளுக்குப்பின் பிள்ளை நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுமென்று தெளிக. முதற் சில நாட்களில் நிறை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த நிறைக்கு மீண்டு வரவேண்டும். தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ மஞ்சளோ வைக்காமல் உலரவிடுங்கள். பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், நிமிஷத்துக்கு அறுபதுக்கு மேற்பட்ட மூச்சு, விலாவுக்குள் தோல் இழுபடுதல், உடம்பு கொதித்தல் அல்லது சில்லிட்டுப் போதல், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல், இவற்றில் ஒன்றேனும் கண்டால் மருந்து உரைத்துக்கொண்டிராமல் இறங்குங்கள். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்காலுக்கு மஞ்சள் இறங்கினாலும், இளவெயில் காட்டுவதோடு நிறுத்தக்கூடாது.

தாயின் பத்தியத்தைப் பற்றி மாமியார்மாரிடம் ஒரு விண்ணப்பம். மிளகும் பூண்டும் சேர்த்த காயமருந்து கொஞ்சம் கொடுப்பதில் யாம் குறுக்கிடவில்லை. ஆனால் 'வயிறு பெருத்துவிடும்' என்று தண்ணீரை அளந்து கொடுப்பது பாலை வற்றச் செய்யும், நீர்க்கடுப்பை உண்டாக்கும், தாகத்துக்குக் குடிக்கவிடுங்கள். முட்டை, மீன், கீரை, பழம் யாவும் அவளுக்கு வேண்டும், வீட்டில் வேறெவரையும்விட அதிகமாக வேண்டும். தீட்டு என்று அவளை மூலையில் தனியே விடுவதில் ஓய்வு என்ற நன்மை இருக்கிறதாயினும், தனிமை என்ற தீமையும் இருக்கிறது. பிள்ளை பிறந்து இரண்டு வாரம் கழிந்தும் காரணமின்றி அழுகிறாள், உறங்க மறுக்கிறாள், பிள்ளையைப் பார்க்க விருப்பமில்லை என்கிறாள் என்றால், அது திமிருமன்று, பேயுமன்று. வைத்தியத்துக்குக் கட்டுப்படும் நோய். பேயோட்டியிடம் போகுமுன் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அவர் முதற்பத்து நாளுக்குள் இரு தடவை வீட்டுக்கு வரவேண்டியவர். வராவிட்டால் ஆளனுப்பி அழைக்கலாம். துணி நனைய நனைய இரத்தம், துர்நாற்றமுள்ள போக்கு, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இவை கண்டால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தடுப்பூசிகளை நீட்டி எழுத அவசியமில்லை. பிள்ளையின் பதிவேட்டிலேயே ஒழுங்காக அச்சிடப்பட்டிருக்கின்றன. பி.சி.ஜி. ஆஸ்பத்திரியிலேயே, பின் 2, 4, 6 மாதங்களில், அதன் பின் 9-ஆம் மாதமும் 12-ஆம் மாதமும். பதிவேட்டைக் கூரைத் தகரத்தின் கீழே செருகாமல் பொலித்தீன் உறையிலிட்டுப் பெட்டியில் வையுங்கள். மழைக்கு நனைந்து அழிந்த பதிவேட்டோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறோம்.

கடைசியாகப் பிறப்புப் பதிவு. 1948-இல் குடியுரிமை இழந்தபின் நம்மவர் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காகிதமில்லாததனால் பட்ட பாடு இதைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். பிறந்த 42 நாட்களுக்குள், பிள்ளை எந்த இடத்தில் பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம் பதிய வேண்டும்; பதுளையில் பிறந்த பிள்ளையை ஹல்துமுல்லைப் பதிவாளர் பதியமாட்டார், ஆகையால் வீடு திரும்புமுன்னரே விசாரித்து முடித்துவிட்டால் மறுபடியும் ஒரு நாள் சம்பளத்தை இழந்து மலையிறங்க வேண்டியிராது. பிள்ளையின் பெயரையும் தாய் தகப்பன் பெயர்களையும் அடையாள அட்டையில் உள்ளபடியே ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். எழுதி முடித்ததும், கையொப்பமிடுவதற்கு முன், எழுதியதை ஒரு தடவை உரத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.